உருவம் மாறலாம், எண் மாறலாமா?

துப்பாக்கி என்று தலைப்பிலோ முதல் வரியிலோ வந்தாலே நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். போகாதீர்கள். இது சுடுவதைப் பற்றிய கட்டுரை இல்லை, கணக்கு வைப்பதைப் பற்றியது. கணக்கு வைப்பதில் நம் தலைமுறைக்குச் சொல்ல ஏதோ இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான் காவல்துறையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவன். சுட்டுப் பதக்கம் வாங்கியவன் இல்லை. சுடுகிறவர்களுக்கு ஆயுதத்தைப் பழுது பார்த்து, துடைத்து, எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்கி, ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கி, பூட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவன். அந்தக் கண்ணோடுதான் இந்தப் புதுவகை பிஸ்டல்களைப் பார்க்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பிஸ்டலைப் பெரிதாகவும் சிறிதாகவும் மாற்றிக்கொள்ளும் இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. ஆனால் எண்ணை ஒரே ஒரு பாகத்தில் மட்டும் அடித்துவிட்டு, மற்றதெல்லாம் வெறும் உதிரி என்று விட்டுவிடுவது நல்ல ஏற்பாடு இல்லை.

என்ன அந்த ஏற்பாடு என்று கேட்பவர்களுக்கு நம் வீட்டு மிக்ஸியை உதாரணம் சொல்லலாம். மோட்டார் ஒன்றுதான். சட்னிக்குச் சின்ன ஜார், இட்லிப் பொடிக்கு நடு ஜார், மாவுக்குப் பெரிய ஜார். மோட்டாரை மாற்றாமல் ஜாரை மட்டும் மாற்றிக்கொள்கிறோம். மாடுலர் பிஸ்டல் என்பதும் அதுதான்.

சாதாரண பிஸ்டலில் மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடு, அதற்குள் பேரல், கீழே கைப்பிடியோடு சேர்ந்த ஃபிரேம், கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கிய மேகசின் என்று இருக்கும். ட்ரிக்கரை இழுத்தால் வேலை செய்கிற சின்னச் சின்ன உறுப்புகள் எல்லாம் ஃபிரேமுக்குள்ளேயே பின் அடித்து உட்கார்ந்திருக்கும். கைப்பிடி பெரிதாக இருந்தால் பெரிதுதான். உங்கள் கை சின்னதாக இருந்தால் அது உங்கள் தலையெழுத்து.

புதுவகையில் அந்தச் சின்ன உறுப்புகளை எல்லாம் ஒரு இரும்புக் கூட்டுக்குள் வைத்துவிட்டார்கள். ஃபயர் கண்ட்ரோல் யூனிட் என்று பெயர். உள்ளங்கையில் அடங்கிவிடும். அதை எடுத்துப் பிளாஸ்டிக் கைப்பிடிக்குள் பொருத்த வேண்டும். சின்னக் கைப்பிடி வேண்டுமா, சின்னதில் பொருத்தலாம். மேலே நீண்ட ஸ்லைடும் பேரலும் வேண்டுமா, அதைப் போடலாம். குட்டையானது வேண்டுமா, அதையும் போடலாம். குட்டை ஸ்லைடு எடை குறைவு, அதனால் அதற்குரிய ஸ்பிரிங்கும் சேர்ந்தே மாற வேண்டும். கைப்பிடியின் முன்பகுதி நீளமும் ஸ்லைடின் நீளமும் ஒத்துப்போக வேண்டும். மேகசினில் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. நீளமான மேகசின் குட்டைக் கைப்பிடியில் வால் நீட்டிக்கொண்டாவது உட்காரும். குட்டை மேகசின் நீளக் கைப்பிடியில் உட்காராது.

இது திடீரென்று முளைத்த யோசனை இல்லை. 1920களிலேயே பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் தன் 1910 மாடல் பிரவுனிங் பிஸ்டலை நீட்டிக் கொடுத்தது. யுகோஸ்லாவியா பெரிய பிஸ்டல் கேட்டது. புதிதாக ஒன்றை வடிவமைக்காமல், பேரலை நீட்டி, ஸ்லைடின் முனையில் ஒரு தொப்பி போல மாட்டி, கைப்பிடியையும் கொஞ்சம் நீட்டிவிட்டார்கள். அது தொழிற்சாலை செய்த மாற்றம். பிறகு அமெரிக்காவில் டான் வெஸ்ஸன் ரிவால்வர் வந்தது. அதில் பேரலை வாங்கியவரே கழற்றி மாட்டலாம். இரண்டரை அங்குலத்திலிருந்து எட்டு அங்குலம் வரை பல பேரல்களை ஒரே பெட்டியில் வைத்து விற்றார்கள். கூடவே ஒரு சாவியும் ஒரு ஃபீலர் கேஜும் கொடுத்தார்கள். பேரலை மாட்டியதும் அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அந்த கேஜை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஃபிட்டர் வேலை பார்த்தவர்களுக்கு இதைப் படித்தால் முகம் மலரும். மாற்றிக்கொள், ஆனால் அளந்து பார்த்துக்கொள் என்று பெட்டியிலேயே சொல்லிவிட்டார்கள்.

பிஸ்டலில் இந்த யோசனையை முழுமையாகக் கொண்டுவந்தது சிக் சாவர் நிறுவனம். 2007-ல் பி250, 2014-ல் பி320. இரண்டாவதுதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அமெரிக்கத் தரைப்படை 1985-ல் எடுத்துக்கொண்ட பெரெட்டா எம்9 பிஸ்டலுக்குப் பதிலாகப் புதியது தேடியபோது, போட்டியின் பெயரிலேயே மாடுலர் என்ற சொல்லை வைத்தது. ஒரு கைத்துப்பாக்கி வாங்க 350 பக்கங்களுக்கு மேல் விதிமுறையா என்று அப்போதைய படைத் தலைவர் மார்க் மில்லியே 2016-ல் வெளிப்படையாகச் சலித்துக்கொண்டார். 2017 ஜனவரியில் சிக் சாவருக்கு 58 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் கிடைத்தது. பெரியது எம்17, பேரல் 4.7 அங்குலம். சிறியது எம்18, பேரல் 3.9 அங்குலம். கைப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு.

இதில் நல்லது எது என்று கேட்டால், என் பதில் ஸ்லைடு நீளம் இல்லை. கைப்பிடி அளவுதான்.

நம் ஊர் போலீஸிலும் ராணுவத்திலும் நெடுங்காலமாக இருப்பது இஷாப்பூரில் செய்த 9 மி.மீ. பிஸ்டல் ஆட்டோ 1ஏ. பிரவுனிங் ஹை பவரின் வழி வந்தது. மேகசினில் 13 தோட்டா இரண்டு வரிசையாக நிற்கும், அதனால் கைப்பிடி தடிமன். பெரிய கைக்காரருக்கு அருமையான பிஸ்டல். சின்னக் கைக்காரர் பிடித்தால் விரல் ட்ரிக்கரை எட்டுவதற்காகக் கையைக் கொஞ்சம் சுற்றிப் பிடிப்பார். அப்போது பிஸ்டலின் உதை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் இறங்காமல், கட்டைவிரல் எலும்பில் இறங்கும். விரல் நுனியால் ட்ரிக்கரை இழுப்பதால் குறி ஒரு பக்கமாகப் போகும். சுடுதளத்தில் இதை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். பெண் காவலர்கள் அதிகமாக வரத் தொடங்கிய பிறகு இன்னும் நிறையப் பார்த்தேன். "இந்தப் பொண்ணுக்குச் சுட வராது" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். சுட வராமல் இல்லை. ஆயுதம் அவர் கைக்குச் செய்யப்படவில்லை. வேறொருவர் செருப்பைப் போட்டு ஓடச் சொல்லிவிட்டு, ஓடத் தெரியவில்லை என்பது போல.

இதற்கு நம் நாட்டில் ஒரு விடை தேடினார்கள். 2014-ல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை நிர்பீக் என்ற .32 ரிவால்வரைப் பெண்களுக்கென்றே வெளியிட்டது. எடை சுமார் 500 கிராம். நல்ல எண்ணம்தான். ஆனால் சின்னக் கை என்பது பெண்களுக்கு மட்டும் உரியது இல்லை, பெரிய கை ஆண்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. பெண்ணுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று என்று பிரிப்பதைவிட, ஒரே பிஸ்டலை எல்லோருக்கும் கொடுத்து, கைப்பிடியை மட்டும் அவரவர் கைக்கு மாற்றுவது மேலான வழி. பயிற்சி ஒன்றுதான், உதிரிபாகம் ஒன்றுதான், மேகசின் ஒன்றுதான். யாரும் தனியாகத் தெரிய வேண்டியதில்லை.

கைப்பிடியை மட்டும் மாற்றினால் இன்னொரு வசதி. குறிபார்க்கும் சைட்டுகள் ஸ்லைடின் மேல் இருக்கின்றன, பேரலும் ஸ்லைடுக்குள் இருக்கிறது. அதனால் கைப்பிடி மாறியதால் சைட்டுக்கும் பேரலுக்கும் உள்ள உறவு மாறாது. ஸ்லைடையும் பேரலையும் மாற்றினால் கதை வேறு. வேறு சைட், வேறு ஸ்பிரிங், வேறு உறை. அதைச் சுட்டுப் பார்க்காமல் இடுப்பில் மாட்டக்கூடாது. டான் வெஸ்ஸன் பெட்டியில் கேஜ் வைத்த அதே நியாயம்தான்.

நல்லதைச் சொன்னேன். இனி என் மனத்தில் உறுத்துவது.

முதலாவது, மோட்டார் ஒன்றுதான் என்றால் மோட்டாரில் கோளாறு வந்தால் எல்லா ஜாரும் நிற்கும். பி320 ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்ற பிரச்சினை 2017-ல் எழுந்தது. அந்த ஆகஸ்டில் நிறுவனம் ஏற்கனவே விற்ற பிஸ்டல்களை வாங்கித் திருத்தித் தருவதாக அறிவித்தது. ட்ரிக்கரையும் உள்ளே உள்ள சில உறுப்புகளையும் எடை குறைந்ததாக மாற்றினார்கள். பெரியது சிறியது என்ற பேச்சில்லாமல் அந்தக் குடும்பம் முழுக்கத் திருத்த வேண்டியிருந்தது. ஒரே மாதிரி என்பதில் வரும் லாபத்தோடு சேர்ந்து வரும் ஆபத்து இது. லாபத்தைச் சொல்லி விற்பவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவதுதான் பெரியது. அது எண்.

அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகனின் நண்பர் ஒருவர், நான் பார்த்த வேலை தெரிந்து, தன் பிஸ்டலைப் பிரித்துக் காட்டினார். நல்ல பையன். மேகசினை எடுத்தார், ஸ்லைடைப் பின்னால் இழுத்து உள்ளே காலி என்று எனக்கும் காட்டினார். அந்த வகை பிஸ்டலில் பிரிப்பதற்கு ட்ரிக்கரை இழுக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு நல்ல பாதுகாப்புதான். கடைசியில் அந்தச் சின்ன இரும்புக் கூட்டை வெளியே எடுத்து என் கையில் வைத்தார்.

"அங்கிள், சட்டப்படி இதுதான் துப்பாக்கி. மத்ததெல்லாம் ஸ்பேர் பார்ட்ஸ். தபால்லயே வரும்."

"பேரல்கூடவா தம்பி?"

"பேரலும் தான் அங்கிள். ஸ்லைடும் தான்."

அவர் சொன்னது சரி. அமெரிக்காவின் 1968-ம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஃபிரேம் அல்லது ரிசீவர் என்ற பாகமே துப்பாக்கியாகக் கருதப்படும். இந்த வகை பிஸ்டலில் அந்த இடம் இரும்புக் கூட்டுக்குப் போகிறது. எண் அதில் இருக்கிறது, கைப்பிடியில் விட்டிருக்கும் சின்னச் சன்னல் வழியாக அதைப் படிக்கலாம். அதைக் கடையில் வாங்க வேண்டுமானால் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். கைப்பிடி, ஸ்லைடு, பேரல் இவற்றுக்கு நாட்டுச் சட்டத்தில் அந்தச் சோதனை கிடையாது.

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். ஒரு குற்றம் நடந்த இடத்தை நினைத்துப் பாருங்கள். போலீஸுக்குக் கிடைப்பது குண்டும் காலி கேஸும். குண்டின் மேல் உள்ள கோடுகளைப் போடுவது பேரல். கேஸின் அடியில் உள்ள புள்ளியைப் போடுவது ஸ்லைடுக்குள் இருக்கும் ஸ்டிரைக்கர். அந்தப் புள்ளியைச் சுற்றி உள்ள தடத்தைப் போடுவது ஸ்லைடின் உள்முகம். கேஸைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரும் ஸ்லைடில்தான். வெளியே தட்டிவிடும் எஜெக்டர் மட்டும் எண் உள்ள கூட்டில் இருக்கிறது. அதாவது, ஆயுதம் விட்டுச்செல்லும் கைரேகையில் பெரும்பகுதி ஒரு பாகத்தினுடையது, பெயர்ப்பலகை இன்னொரு பாகத்தில். கைரேகை பதித்த பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு ஒன்றைத் தபாலில் வாங்கி மாட்டிக்கொண்டால், எண் அப்படியே இருக்கும், ரிஜிஸ்டரும் சரியாக இருக்கும், ஆளும் யோக்கியனாகவே இருப்பான்.

பழைய பிஸ்டலிலும் பேரலை மாற்ற முடியுமே என்பீர்கள். முடியும். ஆனால் அன்று அது பழுது பார்க்கிறவன் வேலை, இன்று அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள். அரிதாக நடப்பதற்குச் சட்டம் கண்ணை மூடலாம். அன்றாடம் நடப்பதற்கு மூட முடியாது.

பாகத்துக்கு எண் இருப்பதன் அருமையை .303 ரைஃபிளைத் துடைத்தவர்கள் அறிவார்கள். அதில் பாடிக்கும் போல்ட்டுக்கும் ஒரே எண் அடித்திருக்கும். ஏனென்றால் போல்ட்டை அந்த ரைஃபிளுக்கென்றே பொருத்தியிருப்பார்கள். தோட்டாவின் பின்பக்கத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் உள்ள இடைவெளி அதிகமானால் கேஸ் கிழியலாம், சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கே வரலாம். ஒரு மாவட்டத்தில் சுடுதளப் பயிற்சிக்கு முந்தைய நாள் காவலர்கள் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து துடைத்துவிட்டு ரைஃபிள்களை ஒப்படைத்தார்கள். வாங்கும்போது எண் பார்த்தேன். இரண்டு ரைஃபிள்களில் போல்ட் இடம் மாறியிருந்தது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது, போல்ட் நன்றாகவே ஓடியது. எண் மட்டும்தான் சொன்னது. அன்று அந்தப் போல்ட்டில் எண் இல்லாமல் இருந்தால், மறுநாள் காலை அந்த இரண்டு பேரும் எதைத் தோளில் வைத்துச் சுட்டிருப்பார்கள் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இன்றைய பாகங்கள் அளவு துல்லியமாக வருகின்றன, எதை எதில் போட்டாலும் பொருந்தும், ஆகவே அந்த எண் வேண்டாம் என்று சொல்வார்கள். பொருத்தத்துக்கு வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொறுப்புக்கு முன்னைவிட அதிகமாக வேண்டும். முன்பு பாகம் பொருந்தாது என்பதே ஒரு பூட்டாக இருந்தது. அந்தப் பூட்டை எடுத்துவிட்டோம். பதிலுக்கு ஒன்று வைக்க வேண்டாமா?

வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் திருத்திய விதிகளில் பேரல், ஃபிரேம், ரிசீவர், ஸ்லைடு, சிலிண்டர், போல்ட் இவற்றை முக்கியப் பாகங்கள் என்று பட்டியலிட்டு, அவற்றுக்கு அடையாளம் வேண்டும் என்கிறது. நம் நாட்டின் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டமோ துப்பாக்கி என்ற சொல்லின் பொருளிலேயே அதன் பாகங்களையும் சேர்த்துவிட்டது. இங்கே பேரல் உதிரி இல்லை, பேரலும் ஆயுதம்தான். அதே சட்டத்தின் 6-வது பிரிவு, உரிமம் இல்லாமல் பேரலைக் குட்டையாக்கக்கூடாது என்கிறது. அதை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது ஹாக்ஸா பிளேடால் அறுக்கிற வேலை. கழற்றி மாட்டுகிற காலம் அவர்கள் கண்ணில் படவில்லை. ஆனாலும் அவர்கள் பிடித்த நுனி சரியான நுனி. ஆயுதத்தின் அளவை மாற்றுவது சொந்த விஷயம் இல்லை, யாருக்காவது தெரிந்துதான் நடக்க வேண்டும்.

எண்ணை ராவி எடுத்துவிடலாமே, குற்றவாளி எண்ணுக்கா பயப்படப் போகிறான் என்ற வாதம் எனக்குத் தெரியாதது இல்லை. ராவலாம். ராவியதே ஒரு குற்றம், ராவிய தடமே ஒரு சாட்சி. எண்ணே இல்லாத பேரலில் ராவுவதற்கும் ஒன்றும் இல்லை, சாட்சிக்கும் ஒன்றும் இல்லை. செலவு கூடும் என்பார்கள். தொழிற்சாலையில் ஒரு இரும்பில் எண் அடிக்கும் இயந்திரம் இன்னும் இரண்டு இரும்பிலும் அடிப்பதற்கு ஆகும் செலவு, அந்த இரும்புகளின் விலைக்கு முன் பெரிதாக இருக்க வழியில்லை.

நம் ஊரில் 9 மி.மீ. பிஸ்டல் பொதுமக்களுக்குக் கிடையாது. உரிமம் உள்ளவர்கள் .32 வைத்திருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு எதற்கு என்று தோன்றலாம். போலீஸும் துணைப்படைகளும் நாளைக்குப் புதிய பிஸ்டல் வாங்கத்தான் போகின்றன. வாங்கும்போது மாடுலர் வகையைத் தேர்ந்தெடுத்தால் நான் சந்தோஷப்படுவேன், அந்தச் சின்னக் கைக்காரர்களுக்காக. ஆனால் டெண்டரில் இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன். கூடு, ஸ்லைடு, பேரல் மூன்றிலும் எண் வேண்டும். கைப்பிடியைத் தவிர வேறு எதை மாற்றினாலும் ஆர்மரர் மேஜையில்தான் மாற்ற வேண்டும், மாற்றியதும் சுட்டுப் பார்த்து ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இப்படி ஒன்று வைத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. கைக்குப் பொருந்துகிற ஒரு அளவைத் தேர்ந்தெடுத்து அதோடு நின்றுவிடுங்கள். வாரத்துக்கு ஒரு உருவம் மாற்ற அது கொலு பொம்மை இல்லை. உங்கள் பிஸ்டலின் பேரலுக்கும் ஸ்லைடுக்கும் சட்டம் எண் கேட்கவில்லை என்றாலும், வாங்கிய ரசீதையாவது பத்திரமாக வையுங்கள். பூட்டி வையுங்கள்.

மிக்ஸியில் ஜார் மாறினால் சட்னிதான் மாறும். இதில் மாறுவது நாளைக்கு ஒரு நீதிமன்றத்தில் யார் சொல்வதை நம்புவது என்பது. அதனால்தான் இந்த மூன்று எண்களுக்காக இவ்வளவு எழுத வேண்டியிருந்தது.